நோட்டுப் புத்தகத்தில் இருந்த காரணம்: இரைப்பை அறுவைக்குப் பின் கரைந்த பற்கள்

"தண்ணீர் குடித்தால்கூடப் பல் கூசுகிறது, டாக்டர். வகுப்பில் கொஞ்சம் உரக்கப் பேசினால், உள்ளே போகிற காற்று பட்டே கூசுகிறது."

இப்படிச் சொன்னவர் 39 வயது பள்ளி ஆசிரியை. அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன். பல் மருத்துவனாக எத்தனையோ அரிக்கப்பட்ட பற்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஏதோ ஒரு கவனக்குறைவு அதன் பின்னால் இருக்கும். இவர் கொஞ்சம் அலட்சியமாக இருந்திருந்தால் பற்கள் இந்த அளவுக்குக் கெட்டிருக்காது. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது.

அவர் எனக்குப் புதியவரும் இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் இரண்டு கடைவாய்ப் பற்களில் சொத்தை என்று வந்தார். அடைத்து அனுப்பினேன். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை உண்டா என்றதற்கு, "முன்பு இருந்தது, இப்போது மாத்திரை இல்லை" என்றார். நல்லது என்று எழுதிக்கொண்டேன். எப்படி நின்றது என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வலிக்கு மூன்று நாளுக்கு டைக்ளோஃபெனாக் எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்த முறை வாயைத் திறந்து கண்ணாடியை உள்ளே வைத்ததும் சொத்தை என் கண்ணில் முதலில் படவில்லை. மேல் முன்பற்கள் ஆறின் உட்புறம், அண்ணத்தைப் பார்த்த பக்கம், மழையில் நனைந்த கூழாங்கல்லைப் போல வழவழப்பாக மின்னியது. எனாமல் அங்கே இல்லை. அதற்கு அடியில் இருக்கும் மஞ்சள் நிற டென்டின் அடுக்கு பரந்து தெரிந்தது. ஈறை ஒட்டி மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கரையாக எனாமல் எஞ்சியிருந்தது. பற்களின் நுனி கண்ணாடிச் சில்லு போல ஒளி ஊடுருவும்படி மெலிந்திருந்தது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேடுகளில் சிறு சிறு குழிகள். அவற்றில் ஒரு பல்லில் இருந்த பழைய வெள்ளி அடைப்பு, சுற்றியிருந்த பல் கரைந்துபோனதால், தண்ணீர் வற்றிய குளத்துப் பாறை மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. கீழ் முன்பற்களின் உட்புறத்திற்கு மட்டும் சேதம் இல்லை. நாக்கு அங்கே போர்வை போலப் படிந்திருக்கும், உமிழ்நீரும் தேங்கும்.

எந்த இடம் கரைந்தது, எந்த இடம் தப்பியது என்று சேர்த்துப் பார்த்தால் அமிலம் வந்த திசை தெரிந்துவிடும். குளிர்பானம் குடிப்பவர்களுக்குப் பல்லின் வெளிப்பக்கமும் கடிக்கும் தளமும் அதிகம் கரையும். மேல் முன்பல்லின் உட்புறம் கரைந்தால் அமிலம் பெரும்பாலும் கீழே இருந்து, இரைப்பையிலிருந்து வந்திருக்கும். அதனால், "அடிக்கடி வாந்தி வருமா? இரவில் புளிப்பாக ஏதாவது எதுக்களிக்குமா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை மெதுவாகத்தான் கேட்க வேண்டும். தாமாக வாந்தி எடுக்கும் நோய் உள்ளவர்களுக்கும் பற்கள் இதே மாதிரி கரையும். அவர்கள் வெட்கத்தில் ஒடுங்கிவிடுவார்கள்.

ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, 22 மாதங்களுக்கு முன் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டதைச் சொன்னார். பள்ளியில் யாருக்கும் தெரியாது. உறவினர்களிடம் பித்தப்பைக் கல் என்று சொல்லியிருக்கிறார். "சாப்பாட்டைக் குறைக்கத் தெரியாமல் வயிற்றை அறுத்துக்கொண்டாள் என்று பேசுவார்கள், டாக்டர். பல்லுக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களிடமும் சொல்லவில்லை."

அறுவைக்கு முன் 158 சென்டிமீட்டர் உயரத்திற்கு 108 கிலோ, பிஎம்ஐ 43. சர்க்கரை, முழங்கால் வலி, தூக்கத்தில் மூச்சுத் திணறல். இப்போது 71 கிலோ. சர்க்கரை மாத்திரை நின்றிருக்கிறது, மாடி ஏறுகிறார், இரவில் மூச்சு அடைப்பதில்லை. இது குறுக்கு வழி என்று பேசுகிறவர்கள் அந்த மூச்சுத் திணறலோடு ஓர் இரவு படுத்துப் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை அவருக்கு நன்மை செய்தது. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

அவருக்குச் செய்தது ஸ்லீவ் எனப்படும் முறை. இரைப்பையின் வெளி வளைவை ஒட்டி முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குறுகலான குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெருமளவு சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். அதனால் பசியும் அடங்குகிறது. ஆனால் இரைப்பையின் அடிவாயில் அப்படியே இருக்கும்போது மேலே இருக்கும் பை குழாயாகச் சுருங்கினால் உள்ளே அழுத்தம் கூடும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இயற்கை வைத்திருக்கும் கூர்மையான மடிப்பும் சிலருக்குத் தளர்ந்துவிடும். முன்பு நெஞ்செரிச்சலே இல்லாதவர்களுக்குக்கூட ஸ்லீவுக்குப் பிறகு அமிலம் எதுக்களிப்பது நன்கு அறியப்பட்ட பின்விளைவு. அமிலத்தன்மையை அளக்கும் எண் பிஎச்; அது குறையக் குறைய அமிலம் கடுமையாகும். இரைப்பை அமிலத்தின் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கும். எனாமல் கரையத் தொடங்குவது 5.5-க்குக் கீழே.

எதுக்களிப்பு மட்டும் என்றால் கதை பாதியில் முடிந்திருக்கும். ஈறை ஒட்டி, பல்லின் கழுத்தில் ஐந்து புதிய சொத்தைகளும் இருந்தன. ஏழு மாதத்தில் ஐந்து. இரைப்பை அமிலம் பல்லைக் கரைக்கும். சொத்தை வர கிருமியும் சர்க்கரையும் வேண்டும். "என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிக்கொண்டு வர முடியுமா?" என்று கேட்டேன். "எழுதித்தான் வைத்திருக்கிறேன்" என்று கைப்பையிலிருந்து ஓர் இருநூறு பக்க நோட்டை எடுத்து நீட்டினார்.

அது மூன்றாவது நோட்டாம். மதிப்பெண் பட்டியல் போலச் சிவப்பு மையில் கோடு போட்டு, நேரம், என்ன, அளவு என்று மூன்று பத்தி. அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை அப்படியே பார்த்தேன். காலை 5.30-க்கு வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். 6.15-க்கு மென்று சாப்பிடும் வைட்டமின் மாத்திரை. 7.00 இட்லி ஒன்று. 7.45 முதல் 9.30 வரை புரதப் பானம், அடைப்புக்குறிக்குள் "பஸ்ஸில், பிறகு முதல் பீரியடில், சிறிது சிறிதாக". 11.30-க்கு எலுமிச்சை மிட்டாய், காரணம் "வாய் வறட்சி". மதியம் மூன்று கரண்டி சாதமும் பருப்பும். 2.15-க்கு மிட்டாய், 3.15-க்கு மிட்டாய். மாலையில் காபி, இரண்டு பிஸ்கட், காலையில் மீந்த புரதப் பானம். இப்படியே இரவு 9.30 வரை. தண்ணீரைத் தவிர்த்து எண்ணினேன்: 14 முறை.

இனிப்புப் பட்டதும் பல்மேல் படிந்த கிருமிகள் அமிலம் சுரக்கும். சில நிமிடங்களில் பிஎச் 5.5-க்குக் கீழே இறங்கும். உமிழ்நீர் அதைக் கழுவி, சமன்செய்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டீஃபன் என்பவர் 1940-களில் வரைந்து காட்டிய வளைகோடு இது. பல் மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவரும் தேர்வில் வரைவது. மூன்று வேளைச் சாப்பாட்டில் பல்லுக்கு நடுநடுவே ஆற நேரம் கிடைக்கும். 14 வேளையில், அதுவும் ஒரு பானத்தை ஒன்றே முக்கால் மணி நேரம் உறிஞ்சினால், விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி பல் அமிலத்தில் ஊறுகிறது.

ஆனால் இதில் அவர் தவறு எங்கே? "சிறிய அளவில், அடிக்கடி சாப்பிடவும். பானங்களை மடக்மடக்கென்று குடிக்காமல் சிறிது சிறிதாகப் பருகவும். உணவோடு தண்ணீர் குடிக்க வேண்டாம். அரை மணி இடைவெளி விடவும். வைட்டமின்களை மென்று சாப்பிடவும்." வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் கொடுத்த தாளில் இருந்தவை இவை. ஒவ்வொன்றும் சரியான அறிவுரை. புதிதாகத் தைத்த இரைப்பைக்கு அப்படித்தான் ஊட்ட வேண்டும். மாத்திரையை மெல்லச் சொன்னது முதல் சில வாரங்களுக்கு. அதை எப்போது நிறுத்தலாம் என்று தாளில் இல்லை, அவரும் நிறுத்தவில்லை. எலுமிச்சைத் தேன் நீர் மட்டும் அக்கம்பக்கத்தார் சொன்னது. அந்தத் தாளில் பல் என்ற சொல்லே கிடையாது.

அதே நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிய ஒரு குறிப்பு என்னை நிறுத்தியது. "இரவு 11.40. நெஞ்செரிச்சல். வாயில் புளித்த தண்ணீர். பல் துலக்கிவிட்டுப் படுத்தேன்." அந்த வாரத்தில் மட்டும் இதே குறிப்பு மூன்று இரவுகளில். சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் அமிலம் பட்ட எனாமலின் மேற்பரப்பு சற்று நேரம் மெத்தென்று இளகியிருக்கும். அப்போது பிரஷ் பட்டால் அந்த அடுக்கு தேய்ந்து போய்விடும். உமிழ்நீர் அதை மீண்டும் கெட்டிப்படுத்தவே விடவில்லை அவர்.

அந்த உமிழ்நீரும் போதவில்லை. பத்து நிமிடம் தலையைக் குனிந்து உட்காரவைத்து, தானாக ஊறியதை அளவுக் குழாயில் சேகரித்தோம். ஒரு மில்லி. நிமிடத்திற்கு 0.1 மில்லி, சாதாரணமாக 0.3 முதல் 0.4 இருக்கும். நாள் முழுக்க அவர் குடிக்கும் தண்ணீர் ஒரு லிட்டரைத் தாண்டவில்லை. தும்மலுக்காகத் தினமும் போட்டுவந்த செட்டிரிசின் மாத்திரையும் வாயை உலர்த்தும். உலர்ந்த வாய்க்கு மிட்டாய், மிட்டாய்க்குச் சொத்தை என்று ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது.

நாக்கு வழுக்கையாகச் சிவந்திருந்தது. வாயின் ஓரங்களில் வெடிப்பு. ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். ஹீமோகுளோபின் 9.8, பி12-உம் வைட்டமின் டி-யும் குறைவு. பி12-ஐக் குடல் உறிஞ்சத் துணைசெய்யும் காரணி இரைப்பைச் சுவரில்தான் சுரக்கிறது. சுவரின் பெரும்பகுதி போய்விட்டது. இரும்பைக் கரைக்க அமிலம் வேண்டும், அதுவும் குறைந்திருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய கால்சியம் மாத்திரை கார்பனேட் வகை. அமிலம் குறைந்த வயிற்றில் சிட்ரேட் வகைதான் நன்றாகச் சேரும்.

அடுத்து அறுவை சிகிச்சை செய்த நிபுணருக்குப் புகைப்படங்களோடு கடிதம் எழுதினேன். அவர் தற்காத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்து, "எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கிறேன், அனுப்புங்கள்" என்றார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் புண் இருந்தது. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல் தொடங்கினார், பி12 ஊசி, இரும்பு, கால்சியம் சிட்ரேட் எழுதினார், செட்டிரிசினுக்குப் பதில் மூக்கில் தெளிக்கும் மருந்துக்கு மாற்றினார்கள். படுத்த பின் நெஞ்செரிச்சல் என்று அந்த அம்மா 14 மாதமாக நோட்டில் எழுதிவந்திருக்கிறார். கேட்கிற வேளையில் எடை எவ்வளவு என்று மட்டுமே எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். ஏழு மாதங்களுக்கு முன் நானும் நோட்டைக் கேட்கவில்லை.

இனி டைக்ளோஃபெனாக். இவருக்கு ஸ்லீவ் என்பதால் ஒன்றும் நேரவில்லை. எடைக்குறைப்பு அறுவையின் இன்னொரு முறையான இரைப்பை பைபாஸ் செய்தவராக இருந்திருந்தால்? அந்த முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேராக அதோடு இணைக்கிறார்கள். இணைத்த இடத்தில் புண் வர இந்த வகை வலி மாத்திரைகள் முக்கியமான காரணம். புண் ஓட்டையாகி ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பல் மருத்துவர்கள் நாளுக்குப் பத்துப் பேருக்கு எழுதுவது இப்யூபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும்தான். பைபாஸ் செய்தவர்களுக்குப் பாராசிட்டமால் போதும். போதாவிட்டால் அறுவை நிபுணரைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளும் அவர்களுக்குச் சரியாகச் சேராது. எங்கள் படிவத்தில் இப்போது "இரைப்பையிலோ குடலிலோ அறுவை நடந்திருக்கிறதா? என்ன வகை?" என்று தனிக் கேள்வி இருக்கிறது.

பைபாஸ் செய்தவர்களுக்கு எதுக்களிப்பு பொதுவாகக் குறையும். ஆனால் அவர்களில் சிலருக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிக் கை நடுங்கும். சட்டைப்பையில் குளுக்கோஸும் மிட்டாயும் வைத்துக்கொண்டு அலைவார்கள். அங்கே சொத்தை அந்த வழியாக வருகிறது.

சிகிச்சைக்கு வருவோம். மெலிந்த பற்களைப் பார்த்ததும் எல்லாவற்றுக்கும் கேப் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். அமிலம் நிற்காத வாயில் கேப் போடுவது, கூரை ஒழுகும்போது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. மேலும் கேப்புக்காக எஞ்சிய எனாமலையும் சீவ வேண்டும். அதனால் முதல் ஐந்து மாதம் வலியை அடக்கி, சொத்தையை நிறுத்தி, காரணத்தைக் குறைத்தோம், வேறெதையும் தொடவில்லை. கழுத்துச் சொத்தைகளைக் கிளாஸ் அயனோமரால் அடைத்தேன். அது ஃபுளோரைடை மெல்லக் கசியவிடும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். கீழ் இடது முதல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் தேவைப்பட்டது. நம் நாட்டில் பற்பசையில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது தர விதி. இவர் வாய்க்கு அது போதாது. எனவே மூன்று மாதத்திற்கு ஒருமுறை 22,600 பிபிஎம் உள்ள வார்னிஷைப் பூசினோம்.

உணவு மாற்றத்தைத் தனியாக நான் தீர்மானிக்கவில்லை. மருத்துவமனை உணவியல் நிபுணரும் நாங்கள் இருவரும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசினோம். புரதத்தை விட முடியாது. தசை கரையும், முடி கொட்டும். பானத்தை இரண்டாகப் பிரித்து, இனிப்பில்லாத வகையாக மாற்றி, ஒவ்வொன்றையும் இருபது நிமிடத்தில் முடிப்பது என்று முடிவானது. எலுமிச்சைக்குப் பதில் சீரகத் தண்ணீர். மென்று தின்னும் மாத்திரைகள் விழுங்கும் மாத்திரைகளாயின. வாய் வறட்சிக்கு நான் சர்க்கரையில்லாத சூயிங்கம் சொன்னேன். அறுவை நிபுணர் வேண்டாம் என்றார். தவறி விழுங்கினால் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளும், மெல்லும்போது காற்றும் உள்ளே போகும். அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. சொத்தையை உண்டாக்காத இனிப்பான சைலிட்டாலில் செய்த மிட்டாய் நாளுக்கு இரண்டு என்று நின்றோம். இரவுச் சாப்பாடு படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில் மரக்கட்டை. புளித்தண்ணீர் வந்தால் ஒரு டம்ளர் நீரில் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா கலந்து கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஒரு மணி நேரத்திற்குப் பிரஷ் கூடாது. 14 வேளை 7 ஆனது.

ஐந்தாம் மாதம் பற்களைக் கட்டத் தொடங்கினோம். இங்கே ஒரு சிக்கல். கரைந்த மேல் முன்பற்களுக்கும் கீழ்ப்பற்களுக்கும் நடுவே இடைவெளியே இருக்காது. 1975-இல் நார்வேயின் டால் என்பவர் விவரித்த வழி ஒன்று உண்டு: முன்பற்களின் உட்புறத்தை மட்டும் உயர்த்திக் கட்டிவிட வேண்டும். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். சில மாதங்களில் அவை தாமாக வளர்ந்து வந்து சேரும். பல்லைச் சீவாமல் இடம் கிடைக்கும் அழகான முறை, எனக்குப் பிடித்தமானது. இவருக்கு அதைச் செய்ய மனம் வரவில்லை. அந்தச் சில மாதங்கள் கடைவாயால் மெல்ல முடியாது. மெல்லாத கவளம் குறுகிய இரைப்பைக்குள் போனால் அடைத்து, நெஞ்சு வலித்து, நுரை நுரையாக வாந்தி வரும். வாந்தியைக் குறைக்கப் போராடிவிட்டு நானே அதை வரவழைப்பதா? முன்பற்களையும் கடைவாய்ப் பற்களின் குழிகளையும் ஒரே உயரத்துக்குக் காம்போசிட் என்னும் பல் நிற அடைப்புப் பொருளால் சேர்த்துக் கட்டினேன். வேலை அதிகம், செலவும் கூட. ஆனால் அன்று மாலையே அவரால் மெல்ல முடிந்தது. நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. நாற்காலியை முழுக்கச் சாய்க்கவே இல்லை. மல்லாக்கப் படுத்தால் அவருக்கு அமிலம் மேலே வந்துவிடும். நின்றபடி வேலை செய்ததில் முதுகு வலித்தது, பரவாயில்லை.

பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கூச்சம் இல்லை. கீழ் வலது கடைவாயில் ஒரு காம்போசிட் உடைந்தது; ஒட்டிக் கொடுத்தோம். முதல் நாள் எடுத்த அச்சோடு ஒப்பிட்டால் கரைவு மேலே போகவில்லை. புதிய சொத்தை ஒன்று, சிறியது. எடை 73. எதுக்களிப்பு முழுக்க நிற்கவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று இரவுகள் வருகிறது. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றலாம் என்று நிபுணர் சொல்லியிருக்கிறார். ஆசிரியை இன்னும் முடிவு செய்யவில்லை. முழு ஆண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறார்.

அந்த நிபுணர் இப்போது அறுவைக்கு முன்பே ஆட்களை அனுப்புகிறார். போன மாதம் வந்த ஒருவருக்கு, 52 வயது, கடைவாயில் எட்டுப் பற்கள் இல்லை. முப்பது முறை மென்று விழுங்குங்கள் என்று அவரிடம் சொல்லி என்ன பயன்? கழற்றி மாட்டும் பல் செட் செய்து, அதில் மெல்லப் பழகிய பிறகே தேதி கொடுத்தார்கள். ஐந்து வாரம் தள்ளிப்போனது.

ஆசிரியை சென்ற வாரம் வார்னிஷுக்கு வந்தபோது புது நோட்டு கொண்டுவந்தார். அதே சிவப்புக் கோடுகள். நேரம், என்ன, அளவு என்ற மூன்றுக்கும் பக்கத்தில் நான்காவதாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறார்: எத்தனை நிமிடம். முந்தைய நாள் காலைப் புரதப் பானத்திற்கு நேரே 18 என்று எழுதியிருந்தது.